ஒற்றைச் சடக்கு

பலகையில் பெஸ்தாரி ஜெயா,
வாயில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை.
ஆய்வுக்கூடத்தில் லேசர் பழுது என்று
சிங்கப்பூரிலிருந்து நான்கு நாள் விடுப்பு.
அதில் இரண்டு, அண்ணன் வீட்டு வயரிங்கிலேயே போயிற்று.

மூன்றாம் நாள், ஆலைக்குப் போகும் மண்சடக்கில்
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
பாலத்து முனையில் அச்சு முறிந்து குந்திவிட்டது.
இரு பக்கமும் கால்வாய்.
கால்வாய்க்கு அப்பால் மரம், மரத்துக்கு அப்பால் மரம்.
முந்த வழியில்லாதபோது
அவரவர் அவசரம் அவரவருக்கு இல்லை,
அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே நீளம்.

இதைத்தான் நாங்கள் காசு கொட்டிச் செய்கிறோம்.
லித்தியம் அணுக்களை ஒளியால் இடித்து இடித்து நிறுத்தி,
ஒரு டிகிரியைக் கோடித் துண்டாக்கி
ஒரே ஒரு துண்டுச் சூட்டில் வைத்து,
ஒளிக் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக.
எலக்ட்ரான் உள்ளே என்ன செய்கிறது என்று
உலோகத்தைக் கேட்டால் சொல்லாது.
அதைப் போல ஒன்றைச் செய்து
அதனிடம் கேட்கிறோம்.

முன்னால் என்னவென்று பார்க்க
லோரிக்கார மாசிலா வலப்பக்கம் தலை நீட்டினார்.
அவர் மறைத்ததால், பின்னால் மோட்டாரில் இருந்த லெட்சுமணன்
இடப்பக்கம்.
அவனுக்குப் பின்னால் டிராக்டர், மறுபடி வலம்.
யார் சொல்லியும் இல்லை.
வலம் இடம் வலம் இடம்,
ஆ கியோங்கின் காய்கறி வேன்வரை.

லெட்சுமணனின் போன் அடித்தது.
"எந்த வார்டு?" என்று மட்டும் கேட்டான்.
எஞ்சினை அணைத்து,
யாரோ எப்போதோ போட்டுவைத்த பலகைமேல்
மோட்டாரைத் தள்ளிக் கால்வாயைக் கடந்து
செம்பனைக்குள் போய்விட்டான்.
இரண்டாம் பரிமாணம்
ஒன்பது அங்குல அகலம் இருந்தது.

அவன் விட்ட இடத்துக்கு டிராக்டர் நகர்ந்தது,
டிராக்டர் இடத்துக்கு ரொஃபிக்கின் சைக்கிள்,
சைக்கிள் இடத்துக்கு வேன்.
காலியிடம் பின்னாலேயே ஓடி
கடைசி வண்டியையும் தாண்டிப் போயே போயிற்று.

ஆனால் அவன் நின்றிருந்த இடத்தில்
முன்னவரும் பின்னவரும்
இருவருமே வலப்பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

ஒரே ஆள் போனான்.
விட்டுப் போனது இரண்டு,
ஒரு வெற்றிடம், ஒரு பிசகு.
வெற்றிடம் விரைந்தது.
பிசகு அங்கேயே நின்றது,
டிராக்டர்க்காரர் கழுத்து வலித்து இடப்பக்கம் மாறும்வரை.
பிறகு அது ரொஃபிக்கினுடையது.
பிறகு, நிதானமாக, வேனுடையது.

நான் காரைவிட்டு இறங்கி நின்றேன்.
எதற்குச் சிரிக்கிறேன் என்று மாசிலா கேட்டார்.
அந்த வார்டு நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன்.

இரவு ஹக்கிமாவின் செய்தி:
லேசர் சரியாகிவிட்டது,
ஏழாவது குழாயில் ஓர் அணுவைக் காணோம்.

"பலகை கிடைத்திருக்கும்" என்று எழுதி
அழித்தேன்.
பக்கத்திலிருந்த இரண்டும்
எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன
என்று கேட்டேன்.