டார்வெல் தொகுதி, 1938–1992

இப்போது அப்படியொரு தொகுதி இல்லை.
கேட்டால் தபால்காரருக்கே தெரியாது.
பௌலிங் கிளப் சுவரில் மட்டும்
பொன்னெழுத்தில் எட்டு உறுப்பினர்கள்,
எட்டாவதன் கீழே
இன்னும் ஐந்து பேருக்கு இடம் விட்டு
வார்னிஷ் அடித்த பலகை.

எனக்கு வேலை, பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்வது.

முதல் படம் முப்பத்தெட்டில்,
துணியில் ஒட்டிய தாள், கறுப்பு மசி.
வடக்கே செங்கல் சூளை, கிழக்கே ஓடை,
மற்ற இரு பக்கமும் முட்டைக்கோஸ்.
வரைந்தவர் எல். ட்ரெவாஸ்கிஸ்.
ஓடை வளைந்த இடமெல்லாம்
அவர் கையும் வளைந்திருக்கிறது.
ஓரிடத்தில் மசி சொட்டி,
பதினாறு குடும்பங்கள் எந்தப் பக்கம் என்று
இரண்டு தேர்தல் வரை யாருக்கும் தெரியவில்லை.

போர் முடிந்தது, கப்பல்கள் வந்தன.
முட்டைக்கோஸ் நின்ற இடத்தில்
ஆஸ்பெஸ்டாஸ் சுவர், எலுமிச்சை மரம், துணி காயும் கம்பி.
ஆள் கூடினால் தொகுதி சுருங்க வேண்டும்,
அதுதான் கணக்கு:
நன்றாகச் சாப்பிட்டவன்
பெல்ட்டை இறுக்கிக்கொள்வது மாதிரி.
ஐம்பத்தைந்தில் சூளை போனது.
அறுபத்தெட்டில் ஓடையை விட்டு
ரயில் பாதைக்கு நகர்ந்தது கோடு.
அதற்குள் ஓடையைக் குழாயில் போட்டு மூடிவிட்டார்கள்.
கண்ணுக்குத் தெரியாதது எல்லையாக இருக்க முடியாதாம்.

கோடு என்றால் வரி.
கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல்.
இரண்டையும் என் மொழி
ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறது.
எல்லை ஆணையம் நாற்பது பக்கம் எடுத்துக்கொள்கிறது.

ஆஷ்கோம்ப் தெருவுக்கு வருகிறேன்.
முப்பத்தொன்றாம் எண்ணில் தோரா பெங்கெல்லி.
எதிரே முப்பத்தாறில் காஸிமிர் வ்ரோனா.
அவள் தொழிற்சங்கக்காரி.
அவள் கட்சியின் பெயர் ரேடியோவில் வந்தாலே
அவன் எழுந்துபோய் அணைப்பான்.
ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் போடும் நாடு.
ஆகவே தேர்தல் சனிக்கிழமைகளில்
அவனுடைய காரில் இருவரும் பள்ளிக்கூடம் போவார்கள்,
ஒருவர் ஓட்டை ஒருவர் அழிப்பார்கள்,
வாசலில் பெற்றோர் சங்கம் விற்கும்
தேங்காய்த்தூள் புரட்டிய கேக்
ஆளுக்கொன்று தின்றபடி திரும்புவார்கள்.
“பெட்ரோல்தான் தண்டம்” என்பான்.
“தேங்காய் போதாது” என்பாள்.
பத்தொன்பது வருடம், ஏழு தேர்தல்.
கழித்தால் பூஜ்யம்.

எழுபத்தேழில்,
‘ஆஷ்கோம்ப் தெருவின் நடுவழியே’
என்று அச்சாகி வந்தது எல்லை.
ஒற்றை எண்கள் டார்வெல்.
இரட்டை எண்கள் மவுண்ட் ஓரியல்.
தார் ரோட்டில் யாரும் எதையும் வரையவில்லை.
அந்தச் சனிக்கிழமை
அவன் கார் மேற்கே திரும்பியது. அவள் நடந்தாள்.
அவள் ஓட்டை அழிக்க முதன்முறையாக ஆளில்லை.
அவள் கட்சி பதினொரு ஓட்டில் ஜெயித்தது.

மறுநாள் அவன் வேலியருகே வந்து
“எண்ணிப் பார்த்தேன்” என்றான்.
“எங்கள் வரிசையில் என் ஆட்கள் பதினான்கு பேர்.”
அவள் ஒரு தட்டில் கேக் கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டான்.
தட்டு திரும்பி வர எட்டு மாதமானது.

தொண்ணூற்றிரண்டில் டார்வெலை நான்காகப் பிய்த்து
அண்டைத் தொகுதிகளுக்குக் கொடுத்தார்கள்.
அறிக்கையில் ஒரே வரி. வினைச்சொல்: ‘நீக்கப்படுகிறது’.

நேற்று, எழுபத்தொன்பதின் உறைக்குள்,
ஆட்சேபம் எண் 212.
நீல மையில் தோரா பெங்கெல்லி:
‘கோட்டை என் எதிர்வீட்டின் முன்னால் போடாமல்
பின்வேலியில் போட்டால் என்ன?
முப்பதே மீட்டர்.
எங்களுக்குப் பதினான்கு ஓட்டு நஷ்டம், தெரியும்.
எனக்கு முழங்கால் வலி.’
கீழே முத்திரை: பரிசீலிக்கப்பட்டது. மாற்றமில்லை.

ஆனால் அந்த வருடப் படத்தை
ஸ்கேனரில் பெரிதாக்கினால்,
ரப்பர் தேய்த்த தடத்துக்கு அடியில்
மங்கலாகத் தெரிகிறது:
நேராக வரும் பென்சில் கோடு
ஒரே ஒரு வீட்டைச் சுற்றிப் புடைத்து,
மறுபடி தெருவில் வந்து சேர்கிறது.