காலியாகத் தெரியும் குப்பி

குப்பி காலி என்றான் ஹென்ரோ.
வெளிச்சத்தில் பிடித்தான், தலைகீழாய்க் கவிழ்த்தான்,
"ஐநூறு யூரோவுக்கு வெறும் கண்ணாடி அனுப்பியிருக்கிறார்கள்."
தூலிக்கி பிடுங்கிக்கொண்டாள்.
ஐம்பது மைக்ரோகிராம்.
உறைய வைத்து, உலர வைத்து,
மூச்சுப் பட்டாலே இடம் மாறும்
வெண்மைகூட இல்லாத வெண்மை.
திறக்குமுன் சுழற்று என்று தாளில் இருந்தது.
சுழற்றினாள்.

தார்த்துவில் பிப்ரவரி.
அன்னை ஆறு என்று பெயர்கொண்ட ஆறு
கரையோரம் மட்டும் உறைந்து
நடுவில் கறுப்பாய்ப் போய்க்கொண்டிருந்தது.

அது ஒரு காது.
மனித உயிரணுவின் தோலில் நட்டுவைத்த காது.
கூற்று வந்து தொட்டால்
உள்ளே போய்ச் சொல்லும்: முடித்துக்கொள்.
அணு மறுப்பதில்லை.
விளக்கை அணைத்து, பாத்திரத்தை ஒதுக்கி,
வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்போல
தன்னைத் தானே மூட்டை கட்டும்.
அக்கம்பக்கத்துக்கு ஒரு கீறல் இல்லை.

ஆனால் குப்பியில் இருப்பது
வெளியே நீண்ட பாதி மட்டும்.
உள்ளே நீண்ட வாலை வெட்டிவிட்டார்கள்.
பதிலுக்கு ஓர் எதிர்ப்பொருளின் தண்டைத் தைத்து,
ஏதோ ஒரு ஹாம்ஸ்டரின் சூலக அணுக்களிடம் கொடுத்து
நெய்யச் சொன்னார்கள்.
அந்த ஹாம்ஸ்டர் செத்து அறுபது ஆண்டுக்கு மேல்.
அதன் அணுக்களுக்கு அது தெரியாது.

கூற்றைக் கேட்கும்.
கொண்டுபோய்ச் சொல்ல மெய் இல்லை.
அவ்வளவுதான் அதன் வேலை.

இரவு ஒன்பதே கால்.
தொண்ணூற்றாறு குழித் தட்டில்
எப்போதோ ஒரு பையனின் இரத்தத்திலிருந்து எடுத்த அணுக்கள்.
முதல் வரிசைக்கு ஒன்றுமில்லை.
இரண்டாவதற்குக் கூற்று.
மூன்றாவதற்குக் கூற்றும், கூடவே இந்தக் காதும்.
தூலிக்கி மூடிய அறைக்குள், இரட்டைக் கையுறையில்.
அவள் செல்பேசி என் மேஜையில்
சார்ஜரோடு சேர்ந்து துடித்தது.

வில்யாந்தி மருத்துவமனை.
உறவா என்று ஒரு பெண் குரல் கேட்டது.
ஆம் என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.
அவள் தம்பி அர்தோ.
பனியில் சறுக்கிய லாரி.
வருந்துகிறோம் என்பதை அந்தக் குரல்
இரண்டு முறை சொன்னது,
இரண்டாவது முறை கொஞ்சம் மெதுவாக.

கண்ணாடிக்கு அப்பால் அவள்
மூன்றாம் வரிசையின் எட்டாவது குழியில் இருந்தாள்.
புருவத்தை உயர்த்தினாள்: யார்?
உதட்டை அசைத்தேன்:
யாருமில்லை.

நான்கு மணி நேரம்
அது என்மேல் ஒட்டிக்கிடந்தது.
காபி போட்டேன், குடிக்கவில்லை.
குப்பைப் பையைக் கட்டினேன்.
ஹென்ரோவை வீட்டுக்கு அனுப்பினேன்.

ஒன்றரைக்கு நுண்ணோக்கியருகே கூப்பிட்டாள்.
இரண்டாம் வரிசை
கொதிக்கும் கஞ்சிபோல் குமிழ்விட்டுச் சுருங்கியிருந்தது.
மூன்றாவது
வட்டம் வட்டமாய், முழுசாய், பளபளவென்று.
"எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது பார்" என்று சிரித்தாள்.
அந்தச் சிரிப்பை அவளுக்கு நான்தான் வாங்கிக்கொடுத்தேன் என்று
ஒரு கணம் நினைத்துக்கொண்டேன்.
அசிங்கம்.

எந்தப் பிடியும் நிலையல்ல.
பற்றும், விடும், மறுபடி பற்றும்.
எவ்வளவு நேரம் என்பதற்கு ஓர் எண் உண்டு,
அதைத்தான் அவள் அளந்துகொண்டிருந்தாள்.
நான் விட்டேன்.

அவள் அழவில்லை.
கையுறைகளை ஒன்றன்பின் ஒன்றாய்க் கழற்றினாள்.
"எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள்?"
ஒன்பதே கால்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
அந்த நான்கு மணி நேரத்துக்கு
அவள் இன்னும் நன்றி சொல்லவில்லை,
மன்னிக்கவும் இல்லை.

முதல் பேருந்துக்கு ஆற்றோரமாய் நடந்தே போனாள்.
மீதிக் கரைசலைப் பத்துப் பத்து மைக்ரோலிட்டராய்ப் பிரித்து
மைனஸ் எண்பதில் வைத்தது நான்தான்.
குப்பியில் இப்போது உண்மையிலேயே ஒன்றுமில்லை.
ஒட்டியிருந்த சீட்டில் பொடி எழுத்து:
ஆய்வுக்கு மட்டும்.
மனிதரிடம் பயன்படுத்த அல்ல.