மூச்சுக்குழாய்

பெட்டியில் அச்சடித்திருந்தது:
ஐந்து குதிரைகள் கூடும்.
நெல்சன் சிரித்தான்.
"நாலரை சத்தத்துக்குப் போய்விடும். மிச்சம் அரைக்குதிரை,
அதுவும் குளிர் நாளில்தான் இழுக்கும்."
சிவிக்கை எனக்கு விற்றவன் அவன்,
ஹேர்கிங்கன் கடிதப் பிரிப்பு நிலையத்தில்
பக்கத்துப் பட்டையில் நிற்பவன்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குள் முடிக்கவேண்டும்.
ஞாயிறென்றால் இந்தக் கட்டடத்தில்
வெறும்போத்தல் எறியவும் தடை.
நிலக்கீழ் கராஜில், பதினேழாம் இலக்கக் கோட்டுக்குள்
பம்பரைக் கழற்றிப்
பழைய போர்வையில் கிடத்தினேன்.

கறுத்த பெட்டி ஒரு முனகலோடு வெளியே வந்தது.
அறை, அறைக்குள் அறை.
காற்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
நுனிக்காலில் நடந்து போகும்படி
யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள்.
மூச்சு விடுவது அயலுக்குக் கேட்கக்கூடாதென்று
எத்தனை இரவு கண்விழித்தாரோ அந்த மனிதர்.
எனக்கு அவரைப் பிடித்தது.
என்றாலும் கழற்றினேன்.

பத்து எம்எம் சொக்கெட் கை நழுவியது.
விழுந்த சத்தம் கேட்டது,
நின்ற சத்தம் கேட்கவில்லை.
எஞ்சினின் ஏதோ ஒரு மூலையில்
எனக்கு முதல் அது
நிரந்தர வதிவிடம் எடுத்துவிட்டது.

புதுக்குழாய் பளபளப்பாய் இறங்கி
மூடுபனி விளக்குக்குப் பின்னால்
கூம்பு வடிகட்டியில் முடிகிறது.
இரண்டு கிளிப், ஒரு சென்சார், உள்ளங்கையில் ஒரு கீறல்.

சாவியைத் திருப்பியபோது ஒன்றுமில்லை.
பழைய கார், பழைய குரல்.
ஓல்டன் வீதியில் மூவாயிரம் தாண்டியதும்தான்
முன்சில்லுப் பக்கம் யாரோ
நீளமாக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.
ஆறு வருடம் ஓட்டுகிறேன்,
இது மூச்சு விடும் என்று எனக்குத் தெரியாது.

வேகம்? அதைக் கேட்காதீர்கள்.
ஆடிக் கிடக்கும் கோடைவரிசையில்
சூட்டைக் குடித்துச் சோம்பிப்போகும்.
எண்ணெயை அள்ளிப் பூசியதால் மூன்றாம் மாதம்
மஞ்சள் விளக்கு எரிந்தது.
மழையென்றால் சுரங்கப் பாதைக்கு முன் நிறுத்தி
தண்ணீரைக் கண்ணால் அளப்பேன்:
ஒரு வாய் உள்ளே போனால் எஞ்சின் செத்துவிடும்.
பின்னால் ஹோர்ன் அடிப்பவர்களுக்கு
இதை விளக்க என்னிடம் ஜெர்மன் இல்லை.

மார்கழி இரவுகள் வேறு.
வேலை முடிய இரண்டு இருபது,
ஆரே ஆற்று மூடுபனி, பூச்சியத்துக்குக் கீழே நாலு.
அப்போது அந்த அரைக்குதிரை வரும். சத்தியமாய் வரும்.

வாகனப் பரிசோதனைக்குக் கடிதம் வந்தது.
குழாய்க்குப் பத்திரம் இல்லை.
பழைய பெட்டியைத் தூசி தட்டி மாட்டினேன்.
பரிசோதகர் குனிந்தார், தலையாட்டினார், முத்திரை.
பத்து நாள் அலுப்பில் அப்படியே விட்டேன்.
ஊமைக்காரில் போனேன், ஊமைக்காரில் வந்தேன்.

பதினோராம் நாள் லிஃப்டில் ட்ஸ்பிண்டன்,
முதல் மாடி, வெதுப்பகத்தில் வேலை.
அவர் படுக்கையறைக்குக் கீழேதான் கராஜின் ஏற்றம்.
"உங்களை இப்போது கேட்பதில்லையே" என்றார்.
மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன்,
ஒரு வருடமாக மனதில் வைத்திருந்த வசனம்.
"இந்தக் கிழமை இரண்டு தரம் பிந்திவிட்டேன்,"
மணிக்கூட்டைக் காட்டினார்.
"மாவு காத்திருக்காது."

அது முறைப்பாடா அழைப்பா
என்று கேட்குமுன் கதவு திறந்துவிட்டது.

இன்று குழாய் மறுபடி உள்ளே.
மாட்டுமுன் வடிகட்டியைக்
குளியல் தொட்டியில் கழுவினேன்.
ஒரு குளவி, முழுதாக.
வைக்கோல் துணுக்கு. மஞ்சள் மகரந்தம்.
பிறகு கறுப்பு, கறுப்பு, கறுப்பு.
நானும் இதே வீதியில்தான்
ஒரு வருடம் கண்ணாடி இறக்கி ஓட்டினேன்.

இம்முறை எண்ணெய் கொஞ்சமாய்.