பிசிறு

எழுதிக்குங்க சார்.
எனக்கு அவன் நாச்சிமுத்து.
அர்த்தநாரிங்கறது நீங்க சொல்லித்தான் தெரியும்.
தலைக்கு அஞ்சு லட்சமுன்னு
அனுப்பர்பாளையம் பஸ் ஸ்டாப்புல ஒட்டியிருந்தீங்களே,
அந்த மீசைக்கும் இவனுக்கும் ஒட்டே இல்லீங்க.
இவன் மழுமழுன்னு செரைச்ச மூஞ்சி.
அந்தப் போஸ்டருக்குக் கீழதான்
ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிப்போம்.

ரெண்டு வருசம்.
அவன் ஓவர்லாக், நான் செக்கிங்.
அவன் தைச்சு வீசற பனியன் என்ற மேசையில வந்து உழுகும்,
நான் பிசிறு வெட்டுவேன்.
சுத்தமான கை. தையல் கோணாது.
சனிக்கிழமை சம்பளச் சீட்டைப் பார்த்ததும்
ஆருக்கு எத்தனை பீஸ் கொறைச்சிருக்குன்னு
நின்ன நெலையில சொல்லுவான்.
காண்ட்ராக்டர் வாயைத் தொறக்க மாட்டான்.

பள்ளிபாளையத்துத் தறிக்காரன் மகன்,
காலேஜை உட்டுட்டு மலையேறுனவன்,
பதினோரு கேசு.
எல்லாம் மாலைப் பேப்பர்ல படிச்சதுதான்.
அதுல ஏழாவது கேசு
என்ற ஊட்டுக்காரர்.

பர்கூர் மலைச் செக்போஸ்ட்டு. ராத்திரி ரெண்டு மணி.
துப்பாக்கியைக் குடுன்னாங்களாம்,
குழந்தைவேல் குடுக்கலையாம்.
பையனுக்கு அப்ப எட்டு மாசம்.
இப்ப ஒம்பதாவது படிக்கறான்.

கொன்னவன் சாகோணும்னு
பண்ணாரியில குண்டம் எறங்குனவ நான்.
அந்த மூணு நாள் லீவுல
என்ற பங்குப் பிசிறையும் சேர்த்து வெட்டி வெச்சவன்
அவன்.

அவனுக்குத் தெரியுமான்னு கேக்கறீங்க.
ஒருக்கா டீ நேரத்துல ஆரோ கேட்டாங்க,
உங்கூட்டுக்காரர் எங்கேன்னு.
சொன்னேன். செக்போஸ்ட்டு, பேரு, தேதி.
அவன் மிஷின் ஓடிட்டே இருந்துச்சு.
டீ நேரத்துல லைனை நிறுத்திருவாங்க சார்,
ஓடியிருக்க முடியாது.
ஆனா என்ற காதுல ஓடுது.

அதுக்கப்பறம் ஒரு மாசம் வந்தான்.
பேச்சு எப்பவும் கம்மிதான்,
அதனால கொறைஞ்சுதான்னு சொல்ல முடியாது.
ஒரு திங்கக்கிழமை வரலை.
ஒரு வாரக் கூலி இன்னும் ஆபீஸ்ல கெடக்குது.

அந்தியூர் ஆஸ்பத்திரியில துணியை விலக்குனீங்க.
கூடப்பொறந்தவன் கையெழுத்துப் போட மாட்டேன்னு
வாசல்ல பீடி குடிச்சிட்டு நின்னான்.
மூணு ஓட்டை.
நான் மொதல்ல பார்த்தது மூஞ்சியை இல்லீங்க.
எங்க கம்பெனி செகண்ட்ஸ் பனியன்,
தோள்கிட்ட ஒரு நூல் தொங்குச்சு.
கை தானா இடுப்புக்குப் போச்சு, கத்திரிக்கு.
மேசையிலயே வெச்சுட்டு வந்திருந்தேன்.

அவந்தான் சார்.
எங்க போடோணும் கையெழுத்து?