மூன்று ஒன்பது

லைமா, ஓஹாயோ. பிப்ரவரி.
டெல்பர்ட் ஸ்டாடர்டின் கொட்டகையில்
எழுபதாம் ஆண்டு சேலஞ்சர் ஒன்று,
ரத்தச் சிவப்பில், நான்கு மரக்கட்டைகள்மேல்.
அரிசோனாக்காரர் ஒருவர் வாங்க இருக்கிறார்.
அசலா என்று பார்த்துச் சொல்ல
எனக்கு முந்நூறு டாலர், பெட்ரோல் தனி.

பானட்டைத் தூக்கினேன்.
உள்ளே நானூற்று நாற்பது
ஒடுங்கிப் படுத்த யானைக்குட்டி மாதிரி.
"பிறந்ததே இதோடுதான்" என்று
ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார் டெல்பர்ட்.
அவர் இப்போது இல்லை.
தகடு இருக்கிறது.

பாட்டரிக்கு அருகே, இரண்டு திருகில்,
தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய தகரம்.
அப்பியிருந்த சிவப்பைத் தின்னர் துணியால் எடுத்தேன்.
காகிதம் வைத்துப் பென்சிலால் உரச உரச
குழந்தைக்குப் பல் முளைப்பதுபோல்
ஒவ்வொன்றாக வந்தன எழுத்துகள்.

இதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்,
கிணற்றிலிருந்து வாளி ஏறுவதுபோல்.
அவசரக்காரர்கள் உச்சியில் தொடங்கி
வேறொரு காரை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அடிவரியின் முதல் எழுத்து ஈ.
ஈ என்றால் எஞ்சின்.
ஈ நாற்பத்து நான்கு என்றால்
முந்நூற்றுப் பதினெட்டு:
ரொட்டியும் முட்டையும் வாங்கப் போகிற எஞ்சின்.

பென்சில் நின்றதை வெர்லீன் கவனித்துவிட்டாள்.
"தெரியும்" என்றாள் வாசலிலிருந்தே.
"எழுபத்தெட்டில் மாற்றினோம்.
சங்கிலியின் அந்த முனை என் கையில்தான் இருந்தது.
பிறந்ததே இதோடுதான் என்று
அவன் சொன்ன ஒவ்வொரு தடவையும்
அந்தக் கொட்டகையில் நான் இல்லாமல் போனேன்."

எனக்குப் பதில் தெரியவில்லை.
அடுத்த வரிக்கு ஏறினேன்.

ஒன்பது, ஒன்பது, ஒன்பது.
பெயின்ட் பட்டியலில் இல்லாத நிறம்.
யாரோ தனியாகக் கேட்டு, காசு கட்டி வாங்கியது.
என்ன நிறம் என்று தகடு சொல்லாது;
வேறு என்று மட்டும் சொல்லும்.
பக்கத்திலேயே பி பதினான்கு:
நவம்பர் பதினான்கு, ஒரு வெள்ளிக்கிழமை,
ஹாம்ட்ராம்க் தொழிற்சாலையில்
வாராந்தரச் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருந்த எவனோ
இந்த ஒரே காருக்காகத் துப்பாக்கியைக் கழுவி
நிறம் மாற்றி நிரப்பியிருக்கிறான்.
முட்டை வாங்கப் போகிற எஞ்சினுக்கு!

அவளிடம் கேட்டுவிட்டு ஒரு திருகைத் தளர்த்தினேன்.
தகட்டை நகர்த்தினால்
வெயில் படாத ஒரு செவ்வகம்.
மஞ்சள்.

குனிந்து பார்த்தாள்.
"பள்ளிக்கூட பஸ்" என்றாள்.
பிறகு சிரித்தாள், வெகுநேரம்,
ரேடியேட்டரைப் பிடித்துக்கொண்டு.

தகட்டின் உச்சிவரியில், கடைசியாக,
எண்ட் என்று அடித்திருக்கும்.
எண் என்று தொடங்கி
ட்-டில் முட்டி நிற்கிற சொல்.
அதையும் குறித்துக்கொண்டேன்.

அறிக்கையில் எழுதினேன்: எஞ்சின் அசல் அல்ல.
பொருத்தியவர்கள்: டெல்பர்ட், வெர்லீன் ஸ்டாடர்ட்.
இதற்கென்று படிவத்தில் கட்டம் கிடையாது;
ஓரத்தில் எழுதினேன், கொஞ்சம் கோணலாக.

அரிசோனாக்காரர் நான்கு முறை அழைத்துவிட்டார்.
இவள் இன்னும்
மஞ்சளின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக
சிவப்பை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள்.