அனுமதிக்கப்பட்ட பயனாளர்

இரவு பதினொன்றுக்கு மேல் அழைப்பவர்கள்
வணக்கம் சொல்வதில்லை.
"சார், உள்ள போகமாட்டேங்குது."
மாகேயிலிருந்து ஒருவர்,
நெட்டப்பாக்கத்திலிருந்து ஒருவர்,
பிரசவத்துக்கு விருத்தாசலம் போன ஆய்வாளர்,
தோளில் அழுகிற குழந்தையோடு.
நான் முதலில் கேட்பது
கேப்ஸ் லாக் எரிகிறதா என்றுதான்.
பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

காலாப்பட்டு நூலகத்தில் என் வேலை
சுவரில்லாத இடத்தில் கதவு வைப்பது.
வாசிக்கிறவர் எங்கே இருந்தாலும்
எங்கள் கட்டடத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று
கடல் தாண்டிய கம்பெனியின் கணினியை நம்பவைப்பது.
பொய்தான்.
ஒப்பந்தம் எழுதிய பொய்,
வருஷாவருஷம் சந்தா கட்டிய பொய்.

ஜூன் முப்பது, பட்டியலைக் கழிக்கும் நாள்.
படிப்பு முடித்தவர், பாதியில் நின்றவர்,
இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம்.
டிக் விழுந்தால் அவர்
உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ
அங்கேயே போய்விடுவார்.

நூற்று நாற்பதாவது:
அஞ்சலாட்சி கலியமூர்த்தி, எம்.எஸ்சி.
மாதம் இரண்டு தடவை, விடிகாலை நாலரைக்கு வருகிறார்.
எதையும் இறக்கிக்கொள்வதில்லை.
ஒரே கட்டுரையைத் திறக்கிறார்,
அதை மேற்கோள் காட்டியவை எத்தனை என்று தட்டுகிறார்.
பூஜ்யம்.
போய்விடுகிறார்.

போன் செய்யும் வழக்கமில்லை எனக்கு. செய்தேன்.
பின்னால் ஏலச் சத்தம்.
கடலூர் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனிக் கணக்கு எழுதுகிறாராம்,
வீடு பெண்ணையாறு கடலில் விழும் இடத்துக் குப்பம்.

"அதுல மூணாவது அட்டவணை, கிணறு நம்பர் பதினாலு
எங்க தெரு அடிபம்பு சார்.
எனக்கு அப்ப பத்து வயசு.
பேன்ட்ட மடிச்சுவிட்டுக்கிட்டு நாலு பேரு வந்தாங்க,
பாட்டில்ல புடிச்சாங்க, மூடியில நம்பர் எழுதினாங்க,
டீ குடிச்சிட்டுப் போயிட்டாங்க.
என்ன இருந்துச்சுன்னு யாரும் சொல்லல.
பன்னெண்டு வருஷம் கழிச்சு
உங்க ஏசி ரூம்ல உக்காந்துதான்
எங்க தண்ணிய நான் படிச்சேன்.
மறுபடி யாராச்சும் வந்து அளந்தாங்களான்னு
அப்பப்ப பாத்துக்கறேன், அவ்வளவுதான்."

பதினான்கில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.
போனை வைத்ததும் பார்த்துக்கொண்டேன்.
என் கடவுச்சொல்லுக்குத் திறக்காத கதவில்லை.
ஒரு தசமப் புள்ளி, இரண்டு இலக்கம்,
தலைமேல் நட்சத்திரக் குறி.
பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில்:
அனுமதித்த அளவை மீறியது.
சந்தா இல்லாதவர் இந்த வரியைப் படிக்க
மூவாயிரத்துச் சொச்சம்,
அதுவும் இருபத்துநாலு மணி நேரத்துக்கு.

அமலோற்பவம் மேடத்திடம் போனேன்.
"விட்டுவைக்க முடியாதுப்பா. ஒன்னு விட்டா இருநூறும் விடணும்"
என்றவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவை விரலால் தட்டினார்.
நூலகத்துக்குள் நேரில் வந்து அமரும் எவரும்.
"எவரும்னு போட்டிருக்கான் பாரு.
படிச்சவன்னு போடல."

டிக் போட்டேன்.
பிறகு அவருக்குப் பேருந்து நேரம் அனுப்பினேன்:
குப்பத்திலிருந்து கடலூர், கடலூரிலிருந்து புதுச்சேரி,
அங்கே மாறிக் காலாப்பட்டு.
ஒரு கட்டத்தை நிரப்ப எனக்கு ஒரு நொடி.
அவருக்கு மூன்று பேருந்து,
அரைநாள் சம்பளம்.

செவ்வாய்க்கிழமை வந்தார்.
வாசல் பதிவேட்டில் பெயர், ஊர், நேரம் எழுதினார்.
நோக்கம் என்ற பத்தியில் கொஞ்சம் யோசித்து
தண்ணீர் என்று எழுதினார்.
காவலர் இருசப்பன் தலையை நிமிர்த்தாமல் வாசித்து
படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.
"அங்க இருக்கும்மா. பில்டர் தண்ணிதான், நல்லாருக்கும்."

சிரிப்பார் என்று நினைத்தேன்.
போய் ஒரு தம்ளர் பிடித்து, நின்றபடியே குடித்துவிட்டு
மேலே ஏறி வந்தார்.