மூன்றா, எட்டா

கீலுங் துறைமுகத்தில் வருடத்தில் பாதி நாள் மழை.
பன்னிரண்டு வயதுவரை நான் மழையைத்தான் குற்றம் சொன்னேன்.

வகுப்பில் கரும்பலகை கரைந்தது, மழை.
எதிரே வரும் பேருந்தின் எண்
மூன்றா, எட்டா என்று
கண்ணைச் சுருக்கிச் சுருக்கி நெற்றியில் கோடு விழுந்தது, மழை.
பாலத்தின் மறுபக்கம் கையசைத்தவரை
யாரோ என்று கடந்துபோய்
"ஜியென் வீட்டுப் பெண்ணுக்குத் தலைக்கனம்" என்று
பெயர் வாங்கியதும்
மழையால்தான்.

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சியாம்.
எனக்குத் தூரம் என்றாலே பச்சை;
இலை கிடையாது, கிளை கிடையாது,
மலைமேல் யாரோ துடைக்காமல் விட்ட பாசி.

முதல் கண்ணாடி போட்டுக் கடைக்கு வெளியே வந்தேன்.
கொடிக்கயிற்றில் மழைத்துளிகள்
தனித்தனியாய்த் தொங்கின.
அப்படியானால் மற்றவர்கள் எல்லாரும்
இத்தனை நாளும் இதைப் பார்த்துக்கொண்டா இருந்தார்கள்?
முதலில் கோபம்தான் வந்தது.

பிறகு எண் ஏறிக்கொண்டே போனது.
மைனஸ் இரண்டு. நாலரை. ஏழு.
நாற்பதில் பதினொன்று.
"உங்கள் கண் நீளம்" என்றார் டாக்டர்.
"படகு துறைக்கு எட்டாமல்
நடுநீரில் நங்கூரம் போட்ட மாதிரி
ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது.
கண்ணாடி அதை இழுத்துக் கரை சேர்க்கும்.
நீண்ட கண்ணைக் குட்டையாக்காது.
திரை மெலிந்திருக்கிறது. வருடம் ஒருமுறை வந்து காட்டுங்கள்."

ஆறு வருடம் போகவில்லை.
எண்தான் மாறவில்லையே.

நள்ளிரவு மீன் ஏலத்தில் கணக்கு எழுதுகிறவள் நான்.
கண்ணாடியைக் கழற்றினால்
கானாங்கெளுத்தியின் கண்ணுக்குள் விளக்கு எரிவதுகூடத் தெரியும்.
கிட்டத்தில் என்னை வெல்ல ஆளில்லை.

நவம்பரில் ஒரு விடியல்.
துறைமுகத்தின் மேல் எப்போதும் நாலைந்து பருந்து சுற்றும்.
"இன்றைக்கு என்ன, இவ்வளவு பருந்து?" என்றேன்.
பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ட்சூ-வெய்
அண்ணாந்து பார்த்தான்.
"ஒன்றுகூட இல்லையே."

சுவரைப் பார்த்தேன்.
சுவரிலும் பறந்தன.
கண்ணை மூடினேன். ஓரத்தில் மின்னல்,
இடியில்லாமல்.

வலி இல்லை. அதுதான் ஏமாற்றியது.
பல் வலித்தால் ஓடுவோம்.
வலிக்காத கண்ணுக்கு
நாளைக்கு, ஞாயிறு கழியட்டும், சம்பளம் வரட்டும்.

ட்சூ-வெய் என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினான்.
"என் மாமாவும் இப்படித்தான் பருந்து பார்த்தார்.
அடுத்து ஒரு பக்கமாகத் திரை இறங்கியது.
அவர் நாளைக்குப் போனார்."

மீன் வாடையோடு போய் உட்கார்ந்தேன்.
சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை அகலத் திறந்தார்கள்.
மேல் ஓரத்தில் ஒரு சிறு கிழிசல்.
இன்னும் பிரியவில்லை.
"இரண்டு நாள் தள்ளியிருந்தால்" என்று தொடங்கிய டாக்டர்
வாக்கியத்தை முடிக்காமல் நாற்காலியை நகர்த்தினார்.
லேசர். பச்சை, பச்சை, பச்சை.
வலைக் கிழிசலைச் சுற்றி முடிச்சுப் போடுவதுபோல.
என் வாழ்நாளில் பச்சை
அவ்வளவு கிட்டத்தில் வந்ததில்லை.

சில பருந்துகள் இன்னும் இருக்கின்றன.
வேலை செய்யும்போது மறந்துவிடுகிறேன்.
புதிதாக ஒரு கூட்டம் வந்தால், மின்னினால்,
ஓரத்தில் நிழல் ஏறினால்
அன்றைக்கே போக வேண்டும்;
இரவுப் பிரிவின் எண் கல்லாப் பலகையில் எழுதியிருக்கிறது,
ட்சூ-வெய்யின் கோழிக்கிறுக்கலில்.

போன வாரம் மகனோடு நிறுத்தத்தில் நின்றேன்.
யூ-செங்குக்கு எட்டு வயது.
தூரத்தில் பேருந்து திரும்பியது.
கண்ணைச் சுருக்கினான்.
இன்னும் கொஞ்சம் சுருக்கினான்.
"அம்மா, அது மூன்றா, எட்டா?"

நான் வானத்தைப் பார்த்தேன்.
நல்ல வெயில்.

பேருந்தைப் போகவிட்டு
அவன் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தேன்.
மருத்துவமனைக்குப் போகும் வண்டி
எதிர்ப்பக்கம்தான் நிற்கும்.